தப்பும் தவறுமாக ஒரு மொழி

முதல் தடவை தோற்றபோது, தோற்றுவிட்டேன் என்பதே எனக்குத் தெரியவில்லை. சென்னையில் தேர்வு மையத்தின் படிகளில் இறங்கும்போதே அம்மாவுக்குப் போன் போட்டு, "நல்லா பண்ணியிருக்கேம்மா, ஒரு எடத்துலகூட நிக்கல" என்று சொன்னேன். அது பொய்யில்லை. ஜெர்மன் மொழிப் பரீட்சையின் பேச்சுப் பகுதியில் அவர்கள் கொடுத்த தலைப்பைப் பற்றி மூச்சுவிடாமல் பேசியிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த தேர்வாளர்கள் இரண்டு பேரும் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார்கள். சில நாள் கழித்து ரிசல்ட் வந்தது. படிப்பது, கேட்பது, எழுதுவது மூன்றிலும் பாஸ். பேசுவதில் ஃபெயில்.

நான் நர்ஸ். புதுக்கோட்டை டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. வீடு திருமயத்தில், கோட்டைக்குப் பின்பக்கம் ஒரு தெருவில். காலையில் பஸ்ஸேறிப் போய், சாயங்காலம் பஸ்ஸேறித் திரும்புவேன். அப்பா கொரோனா சமயத்தில் இறந்துபோனார். அண்ணனும் அண்ணியும் திருப்பூரில் கம்பெனி வேலை பார்க்கிறார்கள். அவர்களுடைய சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று போன அம்மா, அங்கேயே தங்கிவிட்டாள். எனக்குக் கல்யாணம் கூடிவருவதும் தட்டிப்போவதுமாகச் சில வருஷங்கள் போயின. அதன்பிறகு சொந்தக்காரர்கள் அந்தப் பேச்சை எடுப்பதையே விட்டுவிட்டார்கள். ஆக, அந்த வீட்டில் நான் மட்டும் இருந்தேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் என்னோடு சேர்ந்த பெண்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போய்க்கொண்டிருந்தார்கள். ஜெர்மனியில் நர்ஸ் பற்றாக்குறை, மொழி மட்டும் தெரிந்தால் போதும் என்று ஒருத்தி சொன்னாள். ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். வெளிநாடு போக வேண்டும் என்ற ஆசை இருந்தது என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் உள்ளே செய்வதற்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் ஒரு டம்ளர் கழுவுவதையே அரைமணி நேரம் செய்துகொண்டிருப்பேன்.

படிப்பு என்றால் எனக்குத் தெரிந்த ஒரே வழி மனப்பாடம். பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் அப்படித்தான் மார்க் வாங்கினேன். நர்ஸிங்கிலும் அப்படித்தான். ஜெர்மனையும் அப்படியே படித்தேன். பரீட்சைக்கு வரக்கூடிய தலைப்புகள் என்று வகுப்பில் கொடுத்ததையெல்லாம் பத்தி பத்தியாக உருப்போட்டேன். சுற்றுச்சூழல் என்றால் ஒரு பத்தி, உடற்பயிற்சி என்றால் ஒரு பத்தி, செல்போன் என்றால் ஒரு பத்தி. எந்தத் தலைப்பு சொன்னாலும் அந்தப் பத்தி தானாக வாயில் வந்து நிற்கும்.

அப்படியும் ஃபெயில் என்றதும் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆளைப் பார்த்து மார்க் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் பத்திகளைச் சேர்த்து உருப்போட்டால் சரியாகிவிடும் என்று முடிவு செய்தேன். எங்கே தவறு என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. அதே தவறை இன்னும் கடினமாக உழைத்துச் செய்ய ஆரம்பித்தேன்.

வாய்விட்டுச் சொன்னால்தான் மனதில் நிற்கும் என்பதால் வீட்டுக்குள் நடந்துகொண்டே சத்தமாகச் சொல்வேன். ஒருநாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா ஒரு கிண்ணத்தில் மொச்சைக் குழம்போடு வந்து வாசலில் நின்றார். அவருக்கு மளிகைக் கடை இருக்கிறது. வீட்டில் எப்போதும் நாலு பேர் சத்தம் கேட்கும்.

"யாரு வந்திருக்கா உள்ள?" என்றார்.

"யாருமில்லக்கா."

"பேச்சுச் சத்தம் கேட்டுச்சே."

"நான்தாங்க்கா. பரீட்சைக்குப் படிக்கிறேன்."

அவர் என்னைத் தாண்டி அறைக்குள் ஒருமுறை பார்த்தார். "கையக் கையக் காட்டிப் பேசிக்கிட்டு இருந்தியே. எதுத்தாப்புல ஆளு இருக்கற மாதிரி."

"பரீட்சையில அப்படித்தான் பேசணுங்க்கா."

"என்னமோ போ. தனியா இருக்கற வீட்டுல வெளக்கு வைக்கிற நேரத்துல அப்படிப் பேசாத. கேக்கறவுக தப்பா நெனப்பாக."

கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கூப்பிட்டு நெற்றியில் திருநீறு வைத்துவிட்டார். அதை அழிக்காமலே பஸ் ஏறினேன். அந்த அக்காவைத் தவிர அந்த வீட்டுக் கதவை யாரும் தட்டியதில்லை.

தோற்ற பேச்சுப் பகுதிக்கு மட்டும் இரண்டாம் தடவை போனபோது வந்த தலைப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த தலைப்பு. வயதான பெற்றோர் பிள்ளைகளோடு இருப்பது நல்லதா, முதியோர் இல்லத்தில் இருப்பது நல்லதா என்பது. பத்தி தயாராக இருந்தது. நன்மைகள் சொன்னேன், தீமைகள் சொன்னேன், முடிவுரையும் சொன்னேன். அதற்கப்புறம், கூடப் பரீட்சை எழுத வந்திருப்பவரோடு அதே விஷயத்தைப் பேச வேண்டும். என்னோடு உட்கார்ந்திருந்தவன் கோயம்புத்தூர்ப் பக்கத்து இளைஞன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு ஜெர்மனில் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டான்.

"உங்கள் அம்மா யாரோடு இருக்கிறார்?"

அதற்குப் பதில் சொல்லத் தேவையான சொற்கள் எல்லாம் எனக்குத் தெரியும். அம்மா, அண்ணன், வீடு, குழந்தைகள், ஊர். வகுப்பில் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்தவை. ஒரு சொல்கூட வெளியே வரவில்லை. அப்படி ஒரு கேள்வியைத் தமிழில்கூட யாரும் என்னிடம் கேட்டதில்லை. ஊரில் எல்லோருக்கும் பதில் தெரியும், அதனால் கேட்க மாட்டார்கள். அவன் காத்திருந்தான். தேர்வாளர்கள் காத்திருந்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல், முதியோர் இல்லங்களில் இருக்கும் வசதிகள் பற்றிய பத்தியை மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன். தேர்வாளர்களில் ஒரு அம்மா பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் சில நோயாளிகளை நாங்கள் பார்ப்போமே, அந்த மாதிரி.

அன்றைக்கு ரிசல்ட் வருவதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

வெளியே வந்து எதிர்ப்பக்கம் இருந்த டீக்கடையில் நின்றேன். பக்கத்தில் ஒருவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். "எழுத்துதாம்மா ஊத்திக்கிரும்போல. அங்கிட்டு வந்து பேசிக்கிருவோம், வையி." சென்னையில் அந்தப் பேச்சைக் கேட்டதும் திரும்பிப் பார்த்தேன்.

"நீங்க புதுக்கோட்டைப் பக்கமா?" என்று கேட்டேன்.

"ஆவூருங்க. நீங்க?"

"திருமயம்."

அவரும் நர்ஸ்தான். திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தார். ஆவூரில் அவர் தெருவிலேயே வெளிநாட்டில் இருப்பவர்கள் பாதிப் பேர். பெரிய மாதா கோயில் திருவிழாவுக்கு அவர்கள் எல்லோரும் வந்து போகும்போது, இவன் எப்போது போகப்போகிறான் என்று கேட்டுவிட்டுப் போவார்களாம். பேசுவதில் அவர் முதல் தடவையே பாஸ். எழுத்தில்தான் திரும்பத் திரும்பத் தோற்றுக்கொண்டிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன்.

"சிஸ்டர், இப்ப ஜெர்மன்ல ரெண்டு வார்த்த பேசுங்க பாப்போம்" என்றார்.

"எதப் பத்தி?"

"எதையாச்சும். இந்த டீயப் பத்தி."

டீயைப் பற்றி என்னிடம் பத்தி இல்லை. டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சிரித்துவிட்டுத் தானே பேச ஆரம்பித்தார். டீ ரொம்பச் சூடு. கடைக்காரர் என்னைக் கோபமாகப் பார்க்கிறார். நான் தோற்றுவிட்டேன். நாளைக்கு டூட்டி. அவ்வளவுதான் சொன்னார். அதற்குள்ளேயே ஏகப்பட்ட தப்பு. ஆண்பால் வர வேண்டிய இடத்தில் பெண்பால், வினைச்சொல் வர வேண்டிய இடத்தில் வேறெதுவோ. ஆனால் எனக்கு எல்லாம் புரிந்தது. அந்த மனிதருக்கு அன்றைக்கு எப்படி இருந்தது என்பதும் புரிந்தது.

"ஒங்களுக்குத் தப்பு வந்துருமோன்னு பயம். எனக்குத் தப்புன்னா என்னன்னே தெரியல" என்றார். "நம்ம ரெண்டு பேரையும் சேத்தா ஒரு ஆளு பாஸாவாரு."

அப்படித்தான் அந்த ஏற்பாடு தொடங்கியது. தினமும் சாயங்காலம் டூட்டி முடிந்து வந்ததும் போனில் பேசுவது. தமிழ் ஒரு வார்த்தைகூடக் கூடாது. தலைப்பு எதுவும் வேண்டாம், அன்றைக்கு உண்மையிலேயே நடந்த ஒன்றைச் சொன்னால் போதும். அவர் தினமும் ஒரு பத்தி எழுதி அனுப்ப வேண்டும், நான் அதைத் திருத்தி அனுப்ப வேண்டும்.

முதல் சில நாள் நான் பேசியதைவிட மௌனமாக இருந்ததுதான் அதிகம். "இன்று... நான்... பஸ்ஸில்..." என்று ஆரம்பித்துவிட்டு நிற்பேன். அவர் மறுமுனையில், "பஸ்ஸில் என்ன?" என்று கேட்பார். "கூட்டம்." "அப்புறம்?" "நின்றுகொண்டு வந்தேன்." அப்படி ஒவ்வொன்றாக வரும்.

அந்த மொழியில் எங்களுக்கு இருந்தது கொஞ்சம் சொற்கள்தான். சுற்றி வளைக்க வழி கிடையாது. தமிழில் என்றால் எதைச் சொல்வதற்கு முன்னாலும் நாலு வார்த்தை போர்த்திச் சொல்லலாம். அங்கே போர்த்துவதற்கு எதுவும் இல்லை. ஒருநாள் நான் சொன்னேன்: "இன்று வார்டில் ஒரு வயதானவர் இறந்தார். நான் அவரைத் துடைத்தேன். எனக்குத் துக்கம் இல்லை. எனக்குக் களைப்பு." சொல்லி முடித்தபிறகுதான், அதை வேறு யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன் என்று தோன்றியது. இன்னொரு நாள் அவர் சொன்னார்: "நான் வேலைக்காகப் போகிறேன் என்று அம்மா நினைக்கிறார். எனக்கு இங்கே இருக்கப் பிடிக்கவில்லை. அதுதான் காரணம்." நான் அதற்கு ஏன் என்று கேட்கவில்லை. வினைச்சொல் வர வேண்டிய இடத்தை மட்டும் திருத்தினேன்.

ஜெர்மனிலும் நம்மைப் போலவே 'நீ', 'நீங்கள்' இரண்டும் உண்டு. 'நீ' என்பதற்கு அவர்கள் 'டூ' என்பார்கள். தமிழில் நான் அவருக்கு 'நீங்க', 'சிஸ்டர்'. அவர் எனக்கு 'பிரதர்'. ஜெர்மனில் முதல் நாளே 'டூ' என்றுதான் பேசினோம். வகுப்பில் சக மாணவர்களை அப்படித்தான் கூப்பிடச் சொல்லியிருந்தார்கள். அப்பா போனபிறகு, அண்ணனைத் தவிர ஒரு ஆண் என்னை 'நீ' என்று கூப்பிட்டது அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா போனில் பேசிவிட்டு வைத்திருந்தாள். பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல், அடுத்த மாதம் வருவதாக இருந்ததும் முடியாது என்று சொல்லியிருந்தாள். அன்றைய என் உண்மை அதுதான். அவரிடம் ஜெர்மனில் சொன்னேன்: "நான் என் அம்மாவைத் தினமும் ஃபெர்கெஸ்ஸன்."

"ஃபெர்கெஸ்ஸனா? ஃபெர்மிஸ்ஸனா?" என்றார்.

ஃபெர்கெஸ்ஸன் என்றால் மறப்பது. ஃபெர்மிஸ்ஸன் என்றால், எங்கள் பக்கத்தில் குழந்தைகளுக்கு 'அம்மாவைத் தேடுது' என்று சொல்வோமே, அது. நான் அம்மாவைத் தினமும் மறக்கிறேன் என்று சொல்லியிருந்தேன். தப்பு புரிந்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்து, அழுகையில் போய் முடிந்தது. அவர் போனை வைக்கவில்லை. ஆறுதலாகவும் எதுவும் சொல்லவில்லை. அதற்கான ஜெர்மன் அவருக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நான் இங்கே இருக்கிறேன்" என்றார். அதில் இலக்கணப் பிழை இல்லை.

அந்த இரண்டு சொற்களையும் நான் அதற்குப் பிறகு மாற்றிச் சொன்னதே கிடையாது. எத்தனை முறை உருப்போட்டாலும் நிற்காதது, ஒருமுறை தப்பாகச் சொன்னதும் நின்றுவிட்டது. அன்றைக்குத்தான் எனக்குப் பரீட்சையைப் பற்றியே ஏதோ கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது.

மூன்றாம் தடவை இரண்டு பேரும் ஒரே நாளில் போனோம். அவர் எழுதப் போனார், நான் பேசப் போனேன். இந்தத் தடவை மனப்பாடம் எதுவும் இல்லை. கேட்டதற்குச் சொந்தமாகப் பதில் சொன்னேன். ஆனால் பேசும்போதே என் தப்பு என் காதில் விழுந்தது. விழுந்ததும் நின்று, திரும்பிப் போய் அதைத் திருத்தினேன். திருத்தியதில் இன்னொரு தப்பு. மறுபடியும் திரும்பிப் போனேன். ஆவூர்க்காரர் எழுதியதை மாதக்கணக்கில் திருத்தித் திருத்தி, என் பேச்சையும் நானே சிவப்பு மையால் அடிக்க ஆரம்பித்திருந்தேன். சொல்ல வந்த விஷயம் பாதியில் நிற்கும்போது நேரம் முடிந்துவிட்டது.

அவர் பாஸ். நான் ஃபெயில்.

"அடுத்த தடவ கண்டிப்பாங்க சிஸ்டர்" என்று போனில் சொன்னார். தமிழில் சொன்னார்.

அவருக்கு மற்ற வேலைகள் மளமளவென்று நடந்தன. போவதற்கு முந்தைய வாரம் காரைக்குடியில் ஒரு உறவினர் வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளப் போனவர், திரும்பும் வழியில் திருமயத்தில் இறங்கினார். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டீக்கடையில் சந்தித்தோம். அத்தனை நாள் தினமும் பேசியிருந்தும், நேரில் பார்த்தது இரண்டு பரீட்சை நாட்களில் மட்டும்தான்.

"நல்லாருக்கீங்களா சிஸ்டர்?"

"நல்லாருக்கேன் பிரதர். வீட்ல அம்மா நல்லாருக்காங்களா?"

"இருக்காங்க. நீங்க சாப்டீங்களா?"

"சாப்ட்டேன். நீங்க?"

"சாப்ட்டுத்தான் கெளம்புனேன்."

அதற்குமேல் பேச்சு ஓடவில்லை. கடையில் ஆட்கள் இருந்தார்கள். அதில் இரண்டு பேர் எனக்குத் தெரிந்தவர்கள். அந்த இடத்தில் ஜெர்மனில் பேசினால் வேடிக்கையாகப் பார்ப்பார்கள். தமிழில் எங்களுக்கு நடுவே எதுவுமே இருந்ததில்லை. அவர் ரோட்டைப் பார்த்தார். நான் கோட்டைப் பக்கம் பார்த்தேன். திருச்சி பஸ் வந்தது.

"வாரேங்க" என்றார்.

"பாத்துப் போங்க."

ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கையைக் காட்டினார். நானும் காட்டினேன். பஸ் போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அவரைப் பற்றி எனக்கு வேறு எண்ணம் ஏதாவது இருந்ததா என்று நானே என்னைக் கேட்டிருக்கிறேன். இருந்தது என்றோ இல்லை என்றோ சொல்லத் தெரியவில்லை. சாயங்காலமானதும் என்னிடம் ஒருவர், இன்று உனக்கு என்ன நடந்தது என்று கேட்பார். அது நின்றுபோனது.

போன புதிதில் அங்கிருந்து கூப்பிட்டார். அவருடைய ஜெர்மன் வேகமாகிக்கொண்டே போனது. தப்புகள் குறைந்தன. நான் இரண்டு முறை கேட்டால்தான் புரியும் என்றானது. பிறகு அவருக்கு ஷிஃப்ட் மாறியது, நேரம் ஒத்துவரவில்லை. ஒருநாள் நான் கூப்பிட்டேன். எடுத்து, வேலையில் இருக்கிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று அழகான ஜெர்மனில் சொன்னார். கூப்பிடவில்லை. அவர்மேல் வருத்தமில்லை. புது ஊரில் ஒருவனுக்கு ஆயிரம் வேலை இருக்கும்.

இனி பேச ஆளில்லை. விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். சில வாரங்கள் எதையும் தொடவில்லை. டூட்டி முடிந்து வந்து, டி.வி.யைப் போட்டுவிட்டு அதைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் சாயங்காலம், பழக்க தோஷத்தில், அன்று நடந்த ஒன்றை ஜெர்மனில் சொல்ல வாய் வந்தது. கேட்க யாருமில்லை என்பதால் போனில் ரெக்கார்ட் செய்தேன். மறுநாள் காலை பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன்.

என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. யாரோ பயந்த பெண் பேசுவதுபோல் இருந்தது. ஆனாலும் தினமும் செய்தேன். சாயங்காலம் பேசுவது, காலையில் நமணசமுத்திரம் தாண்டும் வரை அதைக் கேட்பது. பரிசோதனைக் கூடத்திலிருந்து வரும் ரிப்போர்ட்டைப் பார்ப்பதுபோல் கேட்டேன். எங்கே தப்பு என்பதைவிட எங்கே நிற்கிறேன் என்பதைக் கவனித்தேன். கொஞ்ச நாளில் ஒன்று பிடிபட்டது. எப்போதும் ஒரே மாதிரி இடத்தில்தான் நின்றேன். 'ஏனென்றால்' என்று ஒரு காரணம் சொல்ல ஆரம்பித்ததும் நின்றுவிடுவேன்.

ஜெர்மனில் அந்த மாதிரி வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் போய் நிற்கும். இங்கிலீஷில் அது நடுவிலேயே வந்துவிடும். நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் நினைத்து, மனதுக்குள் இங்கிலீஷாக்கி, அதை உடைத்து மறுபடியும் ஜெர்மனாக்கிக்கொண்டிருந்தேன். வகுப்பு இங்கிலீஷில் நடந்தது, புத்தகம் இங்கிலீஷில் இருந்தது, அதனால் அதுதான் வழி என்று நினைத்திருந்தேன். என் இங்கிலீஷே நொண்டி. அதைத் தாண்டித்தான் ஜெர்மனுக்குப் போக வேண்டும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. 'பஸ் லேட்டா வந்ததால' என்று நாம் சொல்லும்போது வினை கடைசியில்தானே நிற்கிறது. அதை அப்படியே வைத்துப் பார்த்தேன். உட்கார்ந்தது. எல்லா வாக்கியமும் அப்படி உட்காராது. ஆனால் நான் தடுக்கி விழுந்த இடத்தில் உட்கார்ந்தது. பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா, என்ன தனியாகச் சிரிக்கிறாய் என்பதுபோல் பார்த்தார்.

இன்னொரு பழக்கமும் வைத்துக்கொண்டேன். ரெக்கார்ட் செய்யும்போது தப்பு காதில் விழுந்தாலும் திரும்பிப் போகக் கூடாது. விழுந்தது விழுந்ததாகவே கிடக்கட்டும், வாக்கியம் முடியட்டும். ஊசி போடும்போது கை நடுங்கினால் பாதியில் எடுக்க மாட்டோம் இல்லையா. அதைப் பழக இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

நான்காம் தடவை போனபோது யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் உறவினர் கல்யாணம் என்று லீவு எடுத்தேன். நகரத்துக்குள் கார்களைத் தடை செய்யலாமா என்பது தலைப்பு. முன்பு என்றால் காற்று மாசு பற்றி ஒரு பத்தி ஒப்பித்திருப்பேன். இந்தத் தடவை எங்கள் ஊரைச் சொன்னேன். "எங்கள் ஊரில் காரை நிறுத்தினால் ஒன்றும் ஆகாது. பஸ் நின்றால்தான் ஊரே நின்றுவிடும். நான் தினமும் பஸ்ஸில் போகிறேன். மழைக்காலத்தில் பஸ் தாமதமாக வருவதால், என் நோயாளிகள் எனக்காகக் காத்திருக்கிறார்கள்." நடுவில் ஒரு சொல் தப்பாகப் போனது. போகட்டும் என்று விட்டேன்.

என்னோடு பேச உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. அவள் முறை வந்ததும் உதடுகள் ஆடின, சத்தம் வரவில்லை. அந்த முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு உள்ளேயிருந்து தெரியும். நான் தலைப்பை விட்டுவிட்டு, "நீ இன்று இங்கே எப்படி வந்தாய்?" என்று கேட்டேன்.

ரொம்ப நேரம் கழித்து, "பைக்" என்றாள்.

"யாரோடு?"

"அப்பாவோடு."

"தூரமா?"

"தூரம். வழியில் நிறையக் கார்கள். அப்பா திட்டினார்."

தேர்வாளர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு இருவரும் நேரம் போவது தெரியாமல் பேசினோம். அவளும் தப்பாகத்தான் பேசினாள், நானும் தப்பாகத்தான் பேசினேன்.

ரிசல்ட்டை வார்டில் மருந்து டிராலிக்குப் பக்கத்தில் நின்று போனில் பார்த்தேன். பாஸ். நல்ல மார்க்கே வந்திருந்தது. பக்கத்துப் படுக்கையில் ஒருவருக்கு டிரிப்ஸ் முடியும் நேரம். அதை மாற்றிவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"பாஸாயிட்டேம்மா."

"அப்படியா. நல்லது சாமி." பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டது. அம்மா, "அப்ப போயிருவ" என்றாள்.

"ஆமாம்மா."

"எவ்வளவு நேரமாகும் போக?"

சொன்னேன். குழந்தை மறுபடியும் அழுதது. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

ஆவூர்க்காரருக்கு ஜெர்மனில் ஒரு செய்தி அனுப்பினேன். எழுதி, தப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. தமிழில் இருந்தது. "வாழ்த்துகள் சிஸ்டர். கடவுள் உங்களை ஆசீர்வதிப்பாராக. வந்ததும் சொல்லுங்க." அவர் இருப்பது வடக்கே. எனக்கு வேலை கிடைத்திருப்பது தெற்கில் ஒரு சின்ன ஊரில். வரைபடத்தில் பார்த்தேன். திருமயத்துக்கும் சென்னைக்கும் உள்ளதைவிடத் தூரம்.

இந்த வாரம் வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறேன். ஃபிரிட்ஜை அண்ணன் ஆள் வைத்து எடுத்துக்கொண்டான். பாத்திரங்களில் பாதியை அம்மா வேண்டுமென்றாள். அம்மா இரண்டு நாள் வந்து இருந்தாள். இருவருமாகப் பரணைத் துடைத்தோம். அப்பாவின் சட்டைகளை என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடியும் மடித்து அதே பெட்டியில் வைத்தோம். அவளைத் திருப்பூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது, காலி அறையில் காலடிச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

நேற்று சாவி கொடுப்பது பற்றிப் பேசப் பக்கத்து வீட்டு அக்காவிடம் போனேன். கடையில் கூட்டமில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"அங்கிட்டு ஒனக்கு யாரு இருக்கா?" என்று கேட்டார்.

"யாருமில்லக்கா."

அவர் தராசுத் தட்டைத் துடைத்தார். "இங்கிட்டு மட்டும் யாரு இருந்தா. இருந்து பழகிட்ட" என்றார். பிறகு, ஊருக்குப் போகும்போது வேண்டுமே என்று மல்லித்தூளும் மஞ்சள்தூளும் தனித்தனியாகக் கட்ட ஆரம்பித்தார். எவ்வளவு கொண்டுபோக விடுவார்கள் என்று கேட்டார். தெரியாது என்று சொன்னேன்.